சுடாத துப்பாக்கிக்கு என்ன விலை?

போளூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் போன வருஷம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய அப்பா ஜவ்வாது மலையில் கூப்பு ஏலம் எடுத்து மரம் வெட்டிய கான்ட்ராக்டர். 1950களின் கடைசியில் சென்னையில் ஒரு கடையில் ரிவால்வர் வாங்கியிருக்கிறார். இங்கிலாந்துச் சரக்கு, பர்மிங்காம் வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனி, .32 குண்டளவு, ஆறு தோட்டா. அப்பா செத்துப்போனார். லைசென்ஸ் அவரோடு போயிற்று. துப்பாக்கி இப்போது ஒரு டீலரின் இரும்புப் பெட்டிக்குள் டெபாசிட்டாகக் கிடக்கிறது. கம்பெனிப் பெட்டி, மெழுகுத்தாள், துடைக்கிற கம்பி, ஆங்கிலத்தில் அச்சடித்த குறிப்புத்தாள் எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

“ஒரு தோட்டாகூட சுடல தம்பி. அப்படியே கெடக்குது. இத விக்கணும்னா நியாயமா என்ன வெல கேக்கலாம்?”

நான் தமிழ் எம்.ஏ. துப்பாக்கி பற்றி எனக்கென்ன தெரியும் என்றேன். “புஸ்தகம் படிக்கிறவன்தானே, தேடிச் சொல்லேன்” என்றார். தேடினேன். நான் தேடியது ஒரு விலையை. அகப்பட்டது வேறொன்று. அவருக்கு நான் சொன்ன பதிலை இந்தப் பக்கங்களில் முழுமையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது, ஏனெனில் அவரிடம் அதில் பாதியைத்தான் சொன்னேன்.

‘நியாய விலை’ என்ற சொல் நமக்கு ரேஷன் கடைப் பலகையிலிருந்து வந்தது. அங்கே நியாயம் என்பது சந்தைக்கு எதிரான சொல். சந்தை கேட்கிற விலையை ஏழை கொடுக்க முடியாது என்பதால் அரசு தலையிட்டு வைக்கிற விலை. சேகரிப்பாளரின் உலகத்தில் அதே சொல் தலைகீழாக நிற்கிறது. வாங்குகிறவனுக்கு ஆசை, விற்கிறவனுக்கு அவசரமில்லை, இருவருக்கும் பொருளைப் பற்றிய தகவல் சமம், அப்போது அமைகிற விலைதான் நியாயமாம். இந்த மூன்றில் ஒன்றுகூட நம்ம ஊர்த் துப்பாக்கிக்குப் பொருந்தாது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த உலகத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். அதுவும் சும்மா சொல்லக்கூடாது, தனி சாஸ்திரமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளுக்கு விலைப் புத்தகங்களே உண்டு. நிலைமையை நூற்றுக்கு இத்தனை என்று அளப்பார்கள். அளப்பது எதை? குழலின் மேல் இருக்கிற நீலப்பூச்சை. தொண்ணூற்றெட்டு சதவீதம் நீலம் மிஞ்சியிருந்தால் ஒரு விலை, தொண்ணூறு என்றால் அதில் ஒரு பங்கு குறைவு, ‘புதுசு, பெட்டியில்’ என்றால் எல்லாவற்றுக்கும் மேலே. சுடாத ரிவால்வர் என்று ஒருத்தன் சொன்னால் நம்பமாட்டார்கள். தோட்டா போடுகிற உருளையைச் சுற்றி மெல்லிய கீறல்வளையம் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உருளையைச் சுழற்றிச் சுழற்றிப் பூட்டு உரசினால் அந்த வளையம் விழும். உருளையின் முன்முகத்தில் மருந்துப் புகையின் கருப்பு வளையங்கள் இருக்கின்றனவா, திருகாணிகளின் காடி யாரோ திருகி நசுங்கியிருக்கிறதா, துப்பாக்கியின் எண்ணும் பெட்டியில் ஒட்டிய சீட்டின் எண்ணும் ஒன்றா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எண் ஒத்துப்போன வெறும் அட்டைப்பெட்டிக்கே தனிக் காசு. மறுபடி நீலப்பூச்சு ஏற்றிப் பளபளப்பாக்கியிருந்தால் விலை ஏறாது, விழும். பழசு பழசாகவே புதுசாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் செய்து விற்ற எந்தத் துப்பாக்கியும் சுடப்படாதது அல்ல. பர்மிங்காமில் 1813இல் நிறுவிய சோதனைச்சாலை ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிடக் கனமான மருந்து போட்டு அங்கே சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் அதை விற்கச் சட்டம் விடாது. ஆகவே ‘சுடாத துப்பாக்கி’ என்பதன் பொருள், உடைமைக்காரன் சுடாத துப்பாக்கி என்பதுதான். தொழிற்சாலைக்காரன் சுட்டது கணக்கில் வராது. உழைப்பின் தடயம் பண்டத்திலிருந்து அழிந்துபோவது பற்றி நாம் எத்தனையோ எழுதியிருக்கிறோம். இங்கே அது நீலப்பூச்சின் சதவீதமாகவே கணக்கிடப்படுகிறது.

அரிதாக இருப்பதற்கும் விலை, ஆனால் அரிது என்பது இயற்கையானது அல்ல. கோல்ட் கம்பெனியின் பைதான் ரிவால்வர் 1955இல் வந்தது, 2005இல் நின்றது. நின்றபின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2020இல் அதே பெயரில் கம்பெனி மறுபடி செய்யத் தொடங்கியதும், சுடுவதற்கு ஒரு பைதான் வேண்டும் என்றிருந்தவன் புதியதற்குப் போனான். பழையதைக் கண்ணாடிக்குள் வைக்கிறவன் மட்டும் பழையதிலேயே நின்றான். 1847இல் சாமுவேல் கோல்ட் செய்வித்த வாக்கர் ரிவால்வர் ஒன்று, மரப்பெட்டியோடு மிஞ்சியது என்பதற்காக, 2018இல் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பெட்டி வைத்திருந்தவன் ஒரு டேனிஷ் கப்பல் தலைவன்.

இதுவரை ஒரு தர்க்கம் இருக்கிறது. கை படாத பொருளுக்கு விலை. ஆனால் 2021இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. பூச்சு தேய்ந்து, கை பட்டு, சாதாரணமாக இருந்தது அது. 1881இல் பாட் காரெட் என்ற ஷெரிஃப் ‘பில்லி தி கிட்’ என்ற இளைஞனைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கி என்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆக சந்தைக்கு இரண்டு துப்பாக்கிகள்தான் பிடிக்கும்: யாரையும் சுடாதது ஒன்று, புகழ்பெற்ற ஒருவனைச் சுட்டது இன்னொன்று. நடுவில் இருக்கிற கோடிக்கணக்கான துப்பாக்கிகள், பெயர் தெரியாதவர்களைச் சுட்டவை, சதவீதக் கணக்கில் விழுந்துவிடுகின்றன.

போத்ரியார் 1968இல் எழுதிய பொருட்களின் அமைப்பு பற்றிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். ஒரு பொருளுக்கு இரண்டு வேலைகள், ஒன்று பயன்படுவது, மற்றது உடைமையாக இருப்பது. பயன்பாடு உருவப்பட்டபின்தான் அது சேகரிப்புக்குள் நுழைகிறது என்பது அவர் வாதம். பிரிட்ஜோ சாய்வுநாற்காலியோ என்றால் இந்த வாதம் போதும். துப்பாக்கிக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் துப்பாக்கியின் பயன் சுடுவது மட்டும் அல்ல. சுடாமல் இருக்கும்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. உறைக்குள் இருந்தாலும், இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்தால் போதும். பயன் மதிப்பு உருவப்பட்டது என்று யார் சொல்வது? வைத்திருப்பவனா, எதிரே நின்றவனா?

நம்ம ஊர் வரலாற்றுக்கு வருவோம்.

தமிழகத்தில் ஆயுதத்துக்கு விலை வைக்கப்பட்ட வரலாறு, ஆயுதம் பறிக்கப்பட்ட வரலாற்றின் ஓர் அத்தியாயம். பாளையக்காரர் எழுச்சியை அடக்கி மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிக்கை விட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். பாளையம் ஜமீனாயிற்று, காவல்காரன் குடியானவனானான். ஒப்படைத்த ஆயுதத்துக்கு விலை பற்றிய பேச்சே எழவில்லை.

தஞ்சாவூர்க் கதை இன்னும் பொருத்தமானது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சை அரசை முடித்துவைத்தது. அரண்மனை ஆயுதக் கிடங்கில் நாயக்கர் காலத்திலிருந்தே சேர்ந்த கட்டாரிகள், வாள்கள், அங்குசங்கள் குவிந்து கிடந்தன. 1860களில் அதிகாரிகள் அவற்றில் சிலவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டது. அன்று தப்பியவற்றின் சொந்தக்காரப் பொருட்கள் இன்று ஐரோப்பிய ஏல அறைகளில் ‘தஞ்சாவூர்’ என்ற பெயரோடு பவுண்டுக் கணக்கில் போகின்றன. எழும்பூரில் மிஞ்சியதைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். மற்றவற்றை அரிதாக்கியது அந்தத் தராசுதான். அரிது ஒரு இயற்கை நிகழ்வல்ல என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

பிறகு லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உயர்பட்டம் உள்ள சிலருக்கும் விலக்கு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்து விபின் சந்திர பால் பேசினார். அது அவர் பொதுமேடைக்கு வந்த தொடக்கக் காலம். இனபேத விலக்கு 1920 விதிகளில் போயிற்று. அந்தஸ்து விலக்கு போகவில்லை. இன்னொரு விலக்கு நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது: குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கொடுத்த லைசென்ஸ் விலக்கை 2019இல் ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்தது. வெள்ளையனுக்குத் துணைநின்ற ‘வீரர்’ குலத்துக்குத் துப்பாக்கி பண்பாடு; பண்டிகையன்று பூ வைத்துப் பூசை போடலாம். ஜவ்வாது மலையாளிக்கு அதே நாட்டுத் துப்பாக்கி குற்றம். அவர்களுக்கும் ஒரு வீரக்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வேடர்களைத் துரத்திக்கொண்டு வந்த ஏழு பேரின் கதையை 19ஆம் நூற்றாண்டின் வட ஆர்க்காடு மானுவலே பதிந்திருக்கிறது. கதை இருந்தது, விலக்குக்குச் சிபாரிசு இல்லை.

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கீழே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். 1972இல் தொல்பொருள் துறை அவற்றைத் தனிநூலாகவே வெளியிட்டது. ஆநிரை மீட்டுச் செத்தவனின் கையில் வில்லையும் வாளையும் கல்லிலேயே செதுக்கி வைத்த நிலம் இது. அந்த மலையில் 1878க்கு நாலு வருஷம் கழித்து இன்னொரு சட்டமும் ஏறியது: 1882 மதராஸ் வனச்சட்டம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்று கையிலிருந்த துப்பாக்கியைக் கேள்விக்குள்ளாக்கியது, மற்றது அதைச் சுமந்து நடந்த காட்டை ‘காப்புக்காடு’ ஆக்கியது. மரம் அரசுடையது, ஏலம் கான்ட்ராக்டருடையது, கோடாலி மட்டும் மலைக்காரனுடையது. சந்தனம் திருப்பத்தூர்க் கிடங்குக்கு இறங்கியது.

சுதந்திர இந்தியா 1959இல் புதுச் சட்டம் செய்தது, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இதன் 13ஆம் பிரிவைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயிர்க்காவலுக்கு என்று நேர்மையாகக் கேட்கும் குடிமகனுக்கு, வாய்வழி மருந்து போட்டு இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது. அதுவே போதாது என்று அதிகாரி திருப்திப்பட்டால்தான் வேறு துப்பாக்கி. ரிவால்வர் கேட்பவன் ‘தக்க காரணம்’ காட்ட வேண்டும். அதாவது எந்த வர்க்கத்துக்கு எந்தத் துப்பாக்கி என்பதைச் சட்டமே பிரித்து எழுதியிருக்கிறது. மலைக்காரனுக்கு ஒரு முறை சுட்டால் அடுத்த குண்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேலாகும் கருவி. வயல் இல்லாதவனுக்கு, ‘தக்க காரணம்’ உள்ளவனுக்கு, ஆறு தோட்டா.

இதே சட்டத்தின் 45ஆம் பிரிவில் தொல்மதிப்புள்ள, வழக்கொழிந்த துப்பாக்கிகளுக்கு விலக்கு உண்டு. நிபந்தனை ஒன்று: பழுதுபார்த்தும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். நண்பரின் துப்பாக்கிக்கு நான் முதலில் தேடிப்போனது இந்தக் கதவைத்தான். திறக்கவில்லை. அமெரிக்காவில் சுடத்தக்கதாக இருந்தும் சுடாததற்கு விலை. இங்கே சுடவே முடியாததுதான் சேகரிப்புப் பொருள். நண்பரின் வெப்ளி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் இன்றைக்கும் சுடும். எழுபது வயசுகூட ஆகாததால் நூறு வருஷக் கணக்கு வைத்திருக்கிற 1972 தொல்பொருள் சட்டத்துக்கும் அது வெறும் சாமான்.

அப்படியானால் அதன் விலை எங்கிருந்து வருகிறது? 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதிலிருந்து நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த அயல்நாட்டு ரிவால்வர்களே சுற்றிச்சுற்றி விற்றன, லட்சக்கணக்கில். அவற்றின் உலோகத்துக்கோ வேலைப்பாட்டுக்கோ அல்ல அந்தக் காசு, மூடிய கதவுக்கு. உள்ளூரில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் வெப்ளியின் வடிவத்தைப் பார்த்துச் செய்ததுதான். கான்பூரிலிருந்து 2014இல் ‘நிர்பீக்’ என்று ஒன்று வெளிவந்தது. அரைக் கிலோ எடை, டைட்டானியக் கலவை, ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை, நகைப்பெட்டி போன்ற அரக்குநிறப் பெட்டியில் வைத்துப் பெண்களுக்கான துப்பாக்கி என்று விற்றார்கள். 2012 தில்லி வன்கொலைக்குப் பிறகு வந்த பெயர் அது. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் ஒரு வருஷத்து முழு வேலையின் கூலியைச் சேர்த்தாலும் அதன் குதிரையைக்கூட வாங்க முடியாது. யாருடைய அச்சத்துக்கு விலை வைத்தார்கள் என்பதை அந்தப் பெட்டியே சொல்லிவிட்டது. (2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூரும் இப்போது ஒரே கம்பெனிக்குள்.)

2019 டிசம்பர்த் திருத்தம் இன்னொரு வேலை செய்தது. ஒருத்தர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாக்கியது. மசோதாவில் முதலில் ஒன்றுதான் இருந்தது. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களின் குரல் எழுந்ததும் இரண்டாயிற்று. மிச்சத்தை ஒப்படைக்கக் கெடு வைத்தார்கள். அதே திருத்தத்தில், லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷம் என்றிருந்த தண்டனை இரண்டிலிருந்து ஐந்து ஆயிற்று. இதற்கு யாருடைய குரலும் எழுந்ததாக ஞாபகம் இல்லை.

இனி நண்பரின் கேள்விக்கு. சேகரிப்பாளரின் மூன்று நிபந்தனைகளை வைத்துப் பார்த்தேன். வாங்குகிறவனின் ஆசை: இங்கே ஆசை மட்டும் போதாது, அவன் கையில் ரிவால்வருக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும், இருக்கிறவனும் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே பெட்டிக்காக, மெழுகுத்தாளுக்காகக் காசு கொடுக்கிறவன் அநேகமாக இல்லை. அவனுக்கு வேண்டியது ‘இங்கிலாந்து’ என்ற பெயரும், போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஒதுக்கிய குண்டளவாக இல்லாமல் இருப்பதும். விற்கிறவனின் அவசரம்: லைசென்ஸ்காரர் செத்ததும் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், ஸ்டேஷனிலோ டீலரிடமோ டெபாசிட் செய்ய வேண்டும், கெடுவுக்குள் வாரிசுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் அல்லது விற்க வேண்டும், இல்லையென்றால் அரசுக்குப் போய்விடும். தனியாருக்கு விற்பதென்றால் முன்கூட்டி எழுதிக்கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். தகவல் சமம்: அது யாரிடம் இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம், டெபாசிட் பெட்டியின் சாவி வைத்திருக்கிறவரிடம்தான்.

ஒருத்தர் லட்சங்களில் சொன்னார், இன்னொருத்தர் ஆயிரங்களில் சொன்னார். நான் நண்பரிடம் சொன்னது இதுதான்: “அண்ணே, அமெரிக்க விலைப் புத்தகத்தை மூடி வச்சுடுங்க. கான்பூர்ல இன்னைக்குப் புதுசு என்ன விலையோ அதை அடியா வைங்க. வெளிநாட்டுப் பேருக்கு அதுக்கு மேல பேசுங்க. சுடாததுக்குன்னு கொஞ்சம் கேளுங்க, ஆனா கிடைக்கும்னு நம்பாதீங்க. பெட்டிக்கு ஒண்ணும் கிடைக்காது. கெடுவுக்கு மூணு மாசம் முன்னாடியே பேசுங்க, கடைசி வாரத்துல போனா அவன் சொல்றதுதான் விலை.” இது நியாய விலையா என்று கேட்டார். இது கிடைக்கக்கூடிய விலை என்றேன்.

அதற்கப்புறம் ஒருநாள் இருவரும் ஜமுனாமரத்தூர் போனோம். அவர் அப்பாவிடம் கூப்பில் வேலை செய்த ஒரு பெரியவரைப் பார்க்க. ஊர்ப்பெயர் வேண்டாம். பெரியவர் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்திருக்கிறது, அவர் அப்பன் காலத்தது. கீழ்நாட்டுக் கொல்லன் அடித்த குழல், பலாமரக் கட்டை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து இடித்த மருந்து, துணி அடைத்து, ரவை போட்டு, கம்பியால் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுவது. சாமைக் கொல்லையில் பன்றி விழும் ராத்திரிகளுக்கு. அதில் பெயர் கிடையாது, எண் கிடையாது. இந்த எண் விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1928இல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் கோல்ட் துப்பாக்கி எல்லைப் பாதுகாப்புப் படையின் இந்தூர் மியூசியத்தில் கருப்புப் பெயிண்டுக்குக் கீழே பல வருஷம் அடையாளமில்லாமல் கிடந்தது. பெயிண்டைச் சுரண்டி எண்ணைப் பார்த்தபின்தான் அது ‘பகத்சிங்கின் துப்பாக்கி’ ஆயிற்று. எண்தான் பொருளுக்கு வாழ்க்கை வரலாறு தருகிறது. ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் செய்தவன் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்கிறது. விலைப் புத்தகமும் சட்டப் புத்தகமும் இந்த ஒரு இடத்தில் ஒரே மொழி பேசுகின்றன. பெயர் எண் இல்லாததற்கு ஒன்றில் மதிப்பு இல்லை, மற்றதில் மன்னிப்பு இல்லை.

மலையில் அவ்வப்போது தண்டோரா வரும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை, அப்புறம் பிடித்தால் விடமாட்டோம் என்று. ஊர் நாட்டார் மூலம் சொல்லி, மந்தையில் கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். பெரியவர் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அடுக்கி வைத்துப் போட்டோ எடுத்தார்களாம். அவை அப்புறம் அழிக்கப்படுகிற சாமான்கள். கேட்டேன், ஏதாவது காசு கீசு தந்தாங்களா என்று.

“காசா? கேஸ் போடாம விட்டதே பெருசுன்னு வந்துட்டோம் சாமி.”

பன்றி? “அது வருது, போவுது.” 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது. ஜவ்வாது மலைக் கொல்லைகளில் நின்று கையை நீட்டினால் காப்புக்காடு படும். கீழ்நாட்டு விவசாயிக்கு ஓரளவு பயன்படுகிற ஆணை மலைமேல் ஏறவில்லை.

சாமை மட்டும் போதாமல் மரம் வெட்டக் கீழிறங்கி, மாநிலம் தாண்டிப் போனவர்கள் கதை நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கல்லும் அரிவாளும் கோடாலியும் கொண்டு தாக்க வந்ததால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். அந்தத் துப்பாக்கிகளுக்கெல்லாம் பெயர் உண்டு, எண் உண்டு, ஆயுதக் கிடங்கில் கையெழுத்துப் போட்டு எடுத்த பதிவேடு உண்டு. எந்த ஏலத்திலும் அவை வரப்போவதில்லை.

பேச்சு நண்பரின் ரிவால்வருக்குத் திரும்பியது. விற்கப்போகிறேன், அப்பா ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தவில்லை என்று நண்பர் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்:

“கறுப்பா, குட்டையா இருக்குமே, அதுதானே? நான் பாத்துருக்கேன். கூலி சேத்துக் குடுன்னு நாங்க பதினஞ்சு பேரு போனோம். அப்பாரு ஒண்ணும் பேசல. இடுப்புலருந்து எடுத்து மேசமேல வெச்சாரு. வெச்சுட்டு வெத்தல போட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, இறங்கி வந்துட்டோம்.”

சொல்லும்போது கோபம் எதுவும் இல்லை. கான்ட்ராக்டர் நல்லவர், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார் என்றும் சொன்னார். எனக்கு அந்த மேசையும் அதன்மேல் கிடந்த நீலப்பூச்சும்தான் கண்முன் நின்றன. உருளையில் கீறல்வளையம் விழவில்லை, முன்முகத்தில் புகை படியவில்லை. சேகரிப்பாளனின் எந்தக் கண்ணாடிக்கும் அகப்படாத பயன்பாடு அது. வாங்கிய காசை அந்த ஒரு நாளில் அந்த ரிவால்வர் திருப்பித் தந்திருக்கும். பதினைந்து பேர், ஒரு சீசன், கேட்ட கூலிக்கும் கொடுத்த கூலிக்கும் உள்ள வித்தியாசம். துப்பாக்கி விலையைக் கணக்கிடச் சொல்லி என்னிடம் வந்தவருக்கு இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கலாம்.

மலையிறங்கும் பஸ்ஸில் நண்பர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அத்திமூர் தாண்டும்போது கேட்டார்:

“அன்னைக்கு எவ்வளவு சேத்துக் கேட்டாங்களாம்? நீ கேட்டியா?”

நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் துப்பாக்கி விற்றுப்போயிற்று, நான் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாக. டீலர் பெட்டி வேண்டாம் என்றாராம். அது நண்பரின் வீட்டில் இருக்கிறது. உள்ளே ரிவால்வர் கிடந்த வடிவத்துக்கு மெழுகுத்தாளில் மடிப்பு விழுந்திருக்கிறது.